அடியில் போடவிருந்த ஓட்டை

படகுக்கு யாராவது வேண்டுமென்றே அடியில் ஓட்டை போடுவார்களா? என் கணவர் போடுவதாக இருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசி. புனே பக்கம் நிக்டியில் இருந்தோம். அவருக்கு டீசல் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை பார்த்த மராட்டி நண்பரோடு சேர்ந்து ஒரு பழைய சின்னப் பாய்மரப் படகை வாங்கி, பவனா அணையில் விட்டிருந்தார். காற்று நின்றுவிட்டால் துடுப்பு போட்டே கரை சேர வேண்டும். அதனால் ஒரு எஞ்சின் வேண்டும் என்று ஆனது.

அங்கேதான் சண்டை. பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு போதும் என்றார் நண்பர். இவருக்கு அது மிக்ஸி மாதிரி. டீசல் எஞ்சினைப் படகுக்குள்ளேயே உட்காரவைத்து, அடியில் துளை போட்டு எஞ்சினின் சுழலும் தண்டை வெளியே விட்டு, அதன் முனையில் விசிறி பொருத்த வேண்டும் என்றார். டீசல்காரர் வேறு என்ன சொல்வார்?

எனக்கு நீச்சல் தெரியாது. ஞாயிறானால் எங்கள் மகள் அந்தப் படகில்தான் இருப்பாள். பயத்தில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஏங்க, விசிறி தரையில தட்டாத அளவுக்கு மே மாசம் அங்க தண்ணி இருக்குமா?"

"ஆகஸ்ட்ல நானே கயிறு விட்டு ஆழம் பாத்தேன். நீ கவலப்படாத."

ஆகஸ்டில் அணை தளும்பும். எங்கள் குழாயில் வருவதும் அதே அணைத் தண்ணீர்தான். மே மாதம் பாதி நாள் வெறும் காற்றுதான் சீறும். பக்கெட் பிடிப்பவள் நான். அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார். இதைச் சொன்னபோது சிரித்தார்.

மே மாதம் வந்தது. துளை போட இவர் சொல்லிவைத்த ஆள் வருவதற்கு முந்தைய ஞாயிறு, நண்பர் இரவல் அவுட்போர்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். மகளைத் தனியாக விட மனசில்லாமல் நானும் ஏறினேன்.

நடு அணையில் காற்று செத்துவிட்டது. மலைக்கு மேல் மேகம் கறுத்து இடி இடித்தது. நண்பர் பாயை இறக்கி, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையையும் சுக்கானையும் மேலே இழுத்துக் கட்டினார். இவர் எஞ்சினைக் கிளப்பி அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"கரை மேட்ட ஒட்டிப் போனா சீக்கிரம் போயிரலாம்," என்றார். ஆகஸ்டில் போன வழி.

டங்கென்று ஒரு சத்தம். எஞ்சின் தானாக மேலே எகிறி, விசிறி வெளியே நின்று அலறியது. மகள் முன்னால் விழுந்தாள். அள்ளி எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அணைக்குள் மூழ்கிய ஏதோ ஒரு வீட்டின் கல்சுவர், கை விட்டால் தொட்டுவிடலாம்.

நண்பர் எஞ்சினை அணைத்தார். துடுப்பால் படகைத் தள்ளிவிட்டு, எஞ்சினை மறுபடி தண்ணீரில் இறக்கினார்.

மகள்தான் கேட்டாள். "அப்பா, உங்க எஞ்சின்கூட இப்டி மேல வருமா?"

"வராதும்மா. அடியோட போய் மோதியிருக்கும்," என்றார்.

கரை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் கை கழுவக் குழாயைத் திறந்தார். காற்றுதான் சீறியது. மூடாமல் அப்படியே நின்றார்.

"தொள போடுற ஆள வரவேண்டாம்னு சொல்லிடறேன்."

ஜெயித்த சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பக்கெட்டிலிருந்து ஒரு சொம்பு மொண்டு அவர் கையில் ஊற்றினேன்.