தொட்டியில் புதுத் தண்ணீர்

ஜன்னல் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார் அறிவுச்செல்வன். ஆபீஸைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, வண்டியைக் கிளப்பித் தெருமுனை வரை போனவர்தான் திரும்பி வந்திருக்கிறார். உள்ளே மீன் தொட்டியின் காற்று மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கவேண்டும். கேட்கிறது. "ஓடுது, ஓடுது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போகிறார். சில நாட்களில் அதற்குப் பிறகும் ஒரு தடவை வருவார்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரிசி ஆலை. அவர் மேனேஜர்; நான் எடைமேடையில் சீட்டுப் போடுகிறவன். ஒரே அறை, எதிரெதிர் மேசை. அதனால் அவருடைய கவலைகள் முதலில் என் காதில்தான் விழும். கவலைப்பட அவருக்குக் காரணம் தேவையில்லை. வெயில் அடித்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராதே என்பார்; மேகம் கறுத்தால் களத்து நெல் நனைந்துவிடுமே என்பார். போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே முகம் வாடிவிடும். "யாருக்கு என்னவோ" என்ற பிறகுதான் ஹலோவே வரும்.

இப்படிப்பட்ட மனிதரை நம்பித்தான் நாலு உயிரை விட்டுவிட்டுப் போனாள் ஷமீரா. எங்கள் ஆபீஸில் பில் போடுகிற பெண். பிரிண்டருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்னத் தொட்டி அவள் வாங்கி வைத்தது. மூன்று மீன்கள் ஆரஞ்சு நிறம். நாலாவது கறுப்பு, முட்டைக்கண், பெயரும் கறுப்பன்தான். அவளுடைய செல்லம் அது. இருதய வால்வில் கோளாறு, தஞ்சாவூரில் ஆபரேஷன் என்று முடிவானதும் தீனி டப்பாவைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க சார். நீங்க இருக்கீங்கன்னா எனக்குப் பயமில்ல."

அவள் பயம் போய்விட்டது. அது அப்படியே அவரிடம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆலை ஓடும்போது தவிட்டுத் தூசு அறை முழுக்கப் பறக்கும். அது தண்ணீரில் படியாமல் இருக்க நனைத்த வேட்டித் துணியால் தொட்டியைப் போர்த்துவார். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, பிளீச்சிங் வாடை போய்விட்டதா என்று மோந்து பார்த்துத்தான் மாற்றுவார். கரண்டு போனால் இன்னும் வேடிக்கை. எவர்சில்வர் தம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி, திரும்ப அதிலேயே ஊற்றுவார். மீன்களுக்குக் காற்று வேண்டுமாம்.

"மாஸ்டர், எனக்கு ஒரு டீ, ஸ்ட்ராங்கா" என்று நான் ஒருநாள் குரல் கொடுத்தேன்.

"சிரிக்காத பிரபு. இதுங்களுக்கு ஒண்ணுன்னா அந்தப் புள்ள முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கறுப்பன் நல்லா இருக்குற வரைக்கும் ஷமீராவுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குள்ள ஒரு இது" என்றார்.

அதற்கப்புறம் நான் கிண்டல் செய்யவில்லை. தீனி போடும்போது ஷமீரா தொட்டியின் மூடியை விரலால் தட்டுவாள். மீன்கள் மேலே வரும். அவரும் அப்படியே தட்டுவார். கறுப்பன் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்த பிறகுதான் தன் டிபன் டப்பாவைத் திறப்பார். எனக்கும் அந்த நேரத்தில் கழுத்து தானாகவே தொட்டிப் பக்கம் திரும்பும்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலை, ஆலைக்குப் பின்னால் இருக்கிற வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மேட்டூரைத் திறந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் எங்கள் பக்கம் காவிரியைப் பார்ப்போம். களத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பூவும் நெல்லும் தூவினார்கள், அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள். அறிவுச்செல்வனும் இறங்கிக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கவலை இல்லாத அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். திரும்பும்போது கையில் ஒரு குடம்.

"ஊருக்கே உசுரு குடுக்குற தண்ணி. இதுங்களுக்கும் கொஞ்சம் ஊத்துவோம். நாளைக்கு அந்தப் புள்ளைக்கு நல்லபடியா முடியட்டும்" என்று, தொட்டியில் பாதியை இறைத்துவிட்டுக் குடத்தைச் சாய்த்தார். குழாய்த் தண்ணீரையே மோந்து பார்க்கிறவர், இதை மோந்து பார்க்கவில்லை. நானும் தடுக்கவில்லை. காவிரி வந்த அன்றைக்கு அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

காய்ந்து கிடந்த வாய்க்காலின் குப்பையையெல்லாம் வாரிக்கொண்டு வருவதுதான் முதல் தண்ணீர். தொட்டி பழுப்பாகிவிட்டது. ஒரு மீனும் கண்ணுக்குத் தெரியவில்லை. வாளியில் வைத்திருந்த தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தார், நிறம் மாறவில்லை. அன்று பார்த்துக் குழாயிலும் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடினால் சேறு அடங்காது. நிறுத்தினால் மீன்களுக்கு மூச்சு முட்டும். சுவிட்சைப் போடுவதும் அணைப்பதுமாகவே மத்தியானம் ஆயிற்று.

"வலை விட்டு எடுத்துப் பாக்கலாமா சார்?"

"பயந்தே செத்துரும் பிரபு." அவர் டிபன் டப்பா திறக்கப்படாமலே இருந்தது. எனக்கும் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. வீடியோவில் ஷமீரா, ஆஸ்பத்திரிப் பச்சை உடுப்பில், ரெட்டைச் சடையோடு.

"நாளைக்குக் காலையில உள்ள கூட்டிட்டுப் போறாங்க சார். அதுக்கு முன்னாடி கறுப்பனை ஒரு தடவை காட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த எடைச் சீட்டுகளைப் பார்த்தேன். போனைத் தொட்டிக்கு நேராகத் திருப்பினார்.

"என்ன சார், ஒண்ணுமே தெரியல?"

"புதுத் தண்ணிம்மா. நம்ம வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு."

"வந்துருச்சா!" என்றாள். எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்! "மூடியத் தட்டுங்க சார், வந்துருவாங்க."

தட்டினார். பழுப்புக்குள்ளிருந்து ஓர் ஆரஞ்சு வாய் மேலே வந்தது. பின்னாலேயே இன்னொன்று. சற்றுப் பொறுத்து மூன்றாவது. மறுபடி தட்டினார். குமிழிகள்தான் வந்தன.

"கறுப்பன் எங்க சார்?"

போனைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து கேமராவை மூடிக்கொண்டது. "வந்துட்டாம்மா. இந்தா, வாயத் தொறந்துட்டு நிக்கிறான். இங்க சிக்னல்தான் சரியில்ல" என்றார். குரலில் துளி நடுக்கம் இல்லை. மற்றக் கையின் விரல் மட்டும் மூடியைத் தட்டிக்கொண்டே இருந்தது.