வெறும் கதிரையில் பழுதான கோப்பு

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, மொன்றியலில் எங்களுக்கு மூன்றாவது பனிக்காலம். தையல் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கிய எனக்கு, இருந்து செய்யும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றின் காப்புறுதி விண்ணப்பங்களைக் கணினியில் பதிய வேண்டும். மூன்று மாதம் பார்த்த பிறகுதான் நிரந்தரமாக்குவார்கள். காலையில் நாங்கள் இருந்த ரொக்ஸ்பரோவில் ரயில் ஏறும்போதே எனக்குப் பெருமையாக இருக்கும்.

தட்டச்சுத் தேர்வில் நான்தான் வேகமாகத் தட்டினேன் என்று, மேற்பார்வையாளர் பெண்மணி எங்கள் அறையிலேயே நல்ல கணினியை எனக்குத் தந்திருந்தார். கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை எல்லாக் கணினிகளுக்கும் ஏதோ அப்டேட் போட்டார்கள். அன்று பின்னேரம் நான் சேமித்த கோப்பு ஒன்றைத் திறந்தால், ஒருவருடைய முகவரி இன்னொருவருடைய நோய் விபரத்துக்குள் கிடந்தது. நடுவில் சதுரம் சதுரமாக என்னவோ. மறுநாளும் அப்படியே. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, எனக்கு மட்டும்தான்! எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துச் சேமித்தேன். திறந்தால் மறுபடியும் குழம்பிக் கிடந்தது. எனக்கு விசர் பிடிக்காத குறை.

மேற்பார்வையாளர் திட்டவில்லை. இந்தக் குளிரில் கம்பளிச் சட்டையில் மின்சாரம் ஏறும், அதனாலோ தெரியாது என்று சிரித்துக்கொண்டு சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கதவுப் பிடியைத் தொட்டாலே சுரீர் என்று அடிக்கிற காலம் அது. முதலில் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு நடுங்கிக்கொண்டு வேலை செய்தேன். பிறகு காப்புகள். அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் அலுவலகக் கழிவறையில் நின்று, மாதா கோயிலில் கட்டிய நாளிலிருந்து கழற்றாத தாலிக்கொடியைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன்.

அன்று ஒரு கோப்பும் பழுதாகவில்லை. சந்தோஷப்படவா முடியும்? அப்படியென்றால் பிழை என்னில்தான் என்று பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பதற்றத்தில் கொடியைத் திரும்பப் போட மறந்து வீட்டுக்குப் போனேன்.

“கொடி எங்கையப்பா?” என்றார் என் கணவர்.

“வேலையில கழட்டினனான். அது கொம்பியூட்டருக்குக் கூடாதாம்.”

“ஆர் சொன்னது?”

யாரும் சொல்லவில்லையே!

மறுநாள் கொடி பைக்குள்தான் இருந்தது. ஆனாலும் கோப்புகள் வரிசையாகப் பழுதாகின. இனி எதைக் கழற்றுவது? வேலை போய்விட்டது, திரும்பவும் தையல் தொழிற்சாலையில் நிற்கப் போகிறேன் என்றே நினைத்தேன்.

அன்று மத்தியானம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தொழில்நுட்பவியலாளர் வந்தார். சென்னைக்காரர். என்னைப் பக்கத்து மேசைக் கணினியில் தட்டச் சொன்னார். ஒரு பிழையும் இல்லை. என் கணினியில் அவர் மெதுவாகத் தட்டினார். அங்கேயும் பிழை இல்லை! தாடையைச் சொறிந்தார்.

“தம்பி, நான் சங்கிலியைக்கூடக் கழட்டிப் பாத்திட்டன்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சங்கிலியைக் கழற்றிய அன்று என்ன வேலை செய்தேன் என்று கேட்டார். அன்று பழைய கோப்புகளை வாசித்துச் சரிபார்த்தது மட்டும்தான், பதிவு வேலை குறைவு என்றேன். அதைக் கேட்டதும், வேகமாகக் கோப்புகளைச் சேமித்துக்கொண்டே இருக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதி என் கணினியில் ஓடவிட்டார். “கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க மேடம்,” என்றார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கதிரையில் யாரும் இல்லை. சிறிது நேரத்தில் ஒரு கோப்பு பழுதானது. பிறகு இன்னொன்று.

அந்த அறையில் என் கணினிக்குள் மட்டும்தான் இரண்டு புரொசெசர்கள், அதாவது இரண்டு மூளைகள், இருந்தனவாம். புதிய அப்டேட்டுக்குப் பிறகு, வேலை நெருக்கும்போது இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திராமல் ஒரே இடத்தில் எழுதியிருக்கின்றன. ஒன்றை நிறுத்திவிட்டு நிரலைத் திரும்ப ஓட்டினார். எல்லாக் கோப்பும் சுத்தமாக வந்தது.

“நீங்க வேகமா வேலை செஞ்சதாலதான் இது வெளிய வந்துச்சு. சங்கிலியைப் போட்டுக்கோங்க,” என்றார்.

கழிவறைக்குப் போய்க் கொடியைப் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். அந்த வேலையில் பிறகு பல வருடங்கள் இருந்தேன். இன்றும் ஏதாவது பிழையாகிப் போனால் முதலில் என்னைத்தான் சந்தேகிக்கிறேன், அந்தக் குணம் போகவில்லை. ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் அந்த வெறும் கதிரையை நினைத்து, ஒருமுறை தள்ளி நின்று பார்க்கிறேன்.