வண்டிக்கு வைத்த புற்றுமண் பொட்டு

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக வரும், நடுவில் எதையாவது மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக ஒரே முதலாளிக்குக் கார் ஓட்டுகிறார். போன வருஷம் முதலாளி பழைய காரைக் கொடுத்துவிட்டு, படகு மாதிரி நீளமான புதுக் கார் வாங்கினார். ஸ்டார்ட் செய்ததும் அதன் உடம்பு மெல்ல மேலே எழும்பும். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைதான் தாங்குகிறதாம். எஞ்சின் ஆயில் பார்க்கிற குச்சிகூட அதில் கிடையாது.

"ஏட்டி, ஆயில் எவ்வளவு கிடக்குன்னு அதுவே திரையில சொல்லுது. எனக்கு என்ன வேலை மிச்சம்?" என்று இவர் சிரித்தார். முகம் சிரிக்கவில்லை.

டயருக்குக் காற்றுப் பார்ப்பதும், ரேடியேட்டர் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவர். அவருக்கு முழங்கால் மடங்காததால் வண்டியின் கீழ்ப்பக்கத்தைக் கழுவித் துடைப்பது நான். வெள்ளிக்கிழமை கழுவி முடித்ததும் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பொட்டு வைப்பேன். உடம்பில் சொறி, கட்டி வந்தால் நாங்கள் பூசுகிற மண்தான். பழைய காருக்கு நடுவில் ஒரு பொட்டு. புதுக் காரின் முன் பம்பரிலோ நாணயம் போலச் சின்னச் சின்ன வட்டங்கள் இருந்தன. பொட்டுக்கென்றே செய்தது போலத் தெரிந்தது. எல்லாவற்றிலும் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் வண்டி கத்த ஆரம்பித்தது. கேட்டுக்குள் மெதுவாகத் திரும்பினாலே விடாமல் கீயென்று சத்தம்.

"முன்னால என்ன கிடக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாராம் முதலாளி.

"ஒண்ணும் இல்ல முதலாளி."

"ஒண்ணும் இல்லாமலா கத்துது? கண்ணைக் காட்டுனீயளா?"

காட்டினார். கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். முதலாளிக்கு மனசு ஒப்பவில்லை. இந்த மாசத்தோடு வேலையை விட்டு வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார். அன்று இவர் சாப்பிடாமல் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை வெளியூர் ஓட்டம் போய்விட்டு வந்து, "மேலநீலிதநல்லூர்ல நல்ல மழை. அதுக்குப் பெறகு வண்டி மூச்சே விடல, பாத்துக்கோ" என்றார். வெள்ளிக்கிழமை நான் கழுவிப் பொட்டு வைத்தேன். சனிக்கிழமை மறுபடியும் கத்தியது.

மழையில் போனது மண்தானே?

அவரிடம் சொன்னேன்.

"சாமி மண்ணாச்சேன்னு நானும் தொடைக்காம விட்டேன். இப்ப உன்மேல பழியப் போட்டு நான் தப்பிக்கணுமாக்கும்? ஒண்ணும் சொல்லாத."

இத்தனை வருஷத்தில் முதலாளி முன்னால் நின்று நான் பேசியதில்லை. மறுநாள் காலையில் போனேன். பாதிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "தப்பு எம்மேல முதலாளி. வட்டத்துல எல்லாம் மண்ணு பூசிட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

அவர் எழுந்து வந்தார். சாமியை நினைத்து ஒவ்வொரு பொட்டாக ஈரத்துணியால் துடைத்தேன். இவர் வண்டியைக் கேட்டுக்குள் திருப்பினார். சத்தம் இல்லை. சுவரை நெருங்கும்போதுதான் விட்டு விட்டுக் கூவியது. ஒரு முழம் இருக்கையில் இவர் நிறுத்தினார். அந்த வட்டங்கள் சத்தம் அனுப்பித் தூரம் பார்க்கிறவையாம்; மேலே மண் அப்பியிருந்தால் கிட்டத்தில் ஏதோ கிடக்கிறதென்று கத்துமாம். முதலாளிதான் செல்போனில் பார்த்துச் சொன்னார்.

"ஏக்கா, வண்டிக்கே கண்ணைக் கட்டி விட்டுட்டியளே!" என்று சிரித்தார். பிறகு இவர் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அடுத்த மாசம் மதுரையில கல்யாணம். நீங்கதான் ஓட்டணும்" என்றார்.

இப்போது பொட்டு நம்பர் பிளேட்டுக்கு மேலே மட்டும். அங்கே வைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

முன்பக்கம் ஆறு வட்டம் என்று ஞாபகம். நாலாகவும் இருக்கலாம். வண்டி விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வட்டக் கணக்கையும் காற்றுப் பை பற்றிச் சொன்னதையும் சரிபார்த்துத் திருத்திக்கொடுங்கள்.