சூட்டறைக்குள் ஒரு கோழிப்பண்ணைக்காரன்

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவனை ஒரு சூடான அறைக்குள் அடைத்துவைத்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

கோயமுத்தூரில் இருக்கும் எங்கள் மகள், என்னையும் என் மனைவியையும் ‘ஹாட் பிலாட்டிஸ்’ என்ற உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாள். கதவைச் சாத்தினார்கள், ஹீட்டரைப் போட்டார்கள், பாயில் படுத்துக் காலைத் தூக்கச் சொன்னார்கள். வெயில் சும்மா கிடைக்கிற ஊரில் ஹீட்டர் எதற்கு என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

கால்மணி நேரம் கழித்துச் சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் கோழி இப்படி வாயைத் திறந்தால், அடுத்து விழப்போகிறது என்று அர்த்தம். பக்கத்துப் பாயில் என் மனைவி கண்ணை மூடி, அசையாமல் கிடந்தாள்.

பண்ணையில் செய்வதையே செய்துவிட்டேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பாட்டில் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்து, “எல்லாருக்கும் தண்ணி தெளிங்க!” என்று கத்தினேன்.

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். “ஏனுங்க, மூச்சு வாங்குச்சுன்னு கொஞ்சம் படுத்திருந்தனுங்க. என்னையக் கோழின்னு நெனச்சுப்போட்டீங்களா?”

“அங்கிள், சூடு போயிரும், கதவைச் சாத்துங்க,” என்றது டீச்சர் பொண்ணு.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். காலி பாட்டிலை மட்டும் கையிலிருந்து விடவில்லை. ஈரத் தலையோடு அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஹீட்டர் மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் தினமும் ஆயிரக்கணக்கான கோழிகளின் மூச்சைக் கவனிக்கிறவன், இத்தனை வருஷத்தில் அவள் மூச்சைக் கவனித்தது அன்றைக்குத்தான்.