நடுவில் மட்டும் தெரியவில்லை

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் மின்தூக்கிக்கு அருகே டெங்கி எச்சரிக்கைப் பதாகை தொங்கத் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் அப்போது எங்கள் வீடு. அதிகாரிகள் வந்து பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அவர்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கொசு அத்தையைக் கண்டுபிடித்துவிட்டது.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். தேக்கா கடைவீதியில் ஓர் அழகு நிலையத்தில் நூலால் புருவம் திருத்தும் வேலை. முப்பதைத் தாண்டியிருந்தார். வந்த வரன்கள் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயிருந்தன. இப்போது ஒன்று கூடிவரும்போல இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பொறியாளர். உட்லண்ட்ஸில் தன் அக்கா வீட்டில் இருந்தார். பெண் பார்க்க நாள் குறித்திருந்த வாரத்தில் அத்தைக்குக் காய்ச்சல் வந்து, இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து, மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. சந்திப்பு தள்ளிப்போனது.

காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தவர் மறுநாள் காலை சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, கடிகாரத்துல முள்ளக் காணோம்" என்றார்.

முள் இருந்தது. அம்மா அசதி என்று சொல்லி, பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்து கொடுத்தார். அத்தை குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு எதிரே நிற்கச் சொன்னார். என் இரண்டு தோடும் தெரிகின்றன, மூக்கும் வாயும் இருக்கும் இடத்தில் புகை அப்பியிருக்கிறது என்றார். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. நாக்கை நீட்டிக் காட்டினேன். அவர் திட்டவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கண் மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, நடுவில் இருக்கும் புள்ளியைப் பார்க்கச் சொன்னார். புள்ளியே இல்லை என்றார் அத்தை. டெங்கியால் விழித்திரையின் நடுப்பகுதி, கூர்ந்து பார்க்க உதவும் இடம், பாதிக்கப்பட்டு இரத்தக் கசிவும் வீக்கமும் வந்திருப்பதாக மருத்துவர் விளக்கினார் என்று பின்னால் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் இது சிலருக்கு வருமாம். பெரும்பாலும் தானாகவே தெளியும், சில மாதங்கூட ஆகலாம், முழுக்கத் தெளியும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாராம். மாத்திரை தந்து, அடிக்கடி வந்து காட்டச் சொன்னார்.

புருவம் திருத்துகிறவருக்கு எதிரில் இருக்கும் முகத்தில் புருவமே தெரியாது என்றால் என்ன செய்வது? அழகு நிலையத்தில் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அத்தை வீட்டில் நூலை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

இதற்குள் உட்லண்ட்ஸிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இன்னொரு தடவை தள்ளிப்போட்டால் விருப்பமில்லை என்று நினைத்துவிடுவார்கள் என்றார் அப்பா. கண்ணைப் பற்றி இப்போது பேச வேண்டாம், எப்படியும் சரியாகிவிடப்போகிறது என்றும் சொன்னார். அத்தை சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்காவில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். பொறியாளரும் அவருடைய அக்காவும் ஒரு பக்கம், நாங்கள் மறுபக்கம். அத்தைக்குப் பக்கத்தில் நான். தோசை வந்தது. பெரியவர்கள் வீட்டு வாடகை, வெயில் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ கேட்க, அத்தை அவருடைய தோளைப் பார்த்துப் பதில் சொன்னார். இரண்டு தடவை அப்படி நடந்ததும் அந்த அக்காவின் முகம் மாறியது.

அத்தை தண்ணீர்க் குவளையைத் தடவி ஓரமாக நகர்த்தினார்.

"ஒன்னு சொல்லணும். உங்க முகம் எனக்குத் தெரியல. டெங்கி வந்ததுல கண்ணுல நடுவுல மட்டும் மறைக்குது."

"டாக்டர் சரியாயிடும்னு சொல்லிட்டாங்க லா" என்றார் அப்பா அவசரமாக.

"சரியாகலாம்னு சொன்னாங்க அண்ணே. ப்ராமிஸ் பண்ணல."

அந்த அக்கா தம்பியைப் பார்த்தார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "ஓரமா இருந்தா தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். அவ்வளவு தெளிவா இருக்காது."

அவர் எழுந்து மேசையைச் சுற்றி எங்கள் பக்கம் வந்தார். என்னைப் பார்த்து, "பாப்பா, நீ அங்க போய் உக்காந்துக்கிறியா?" என்றார். நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போக வேண்டியதாயிற்று. அவர் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல், தன் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அத்தையும் நேராகச் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

வலது கண் இரண்டு மாதத்தில் தெளிந்தது. இடது கண்ணில் ஒரு சிறு மங்கல் இன்னும் இருக்கிறது. அத்தை வேலைக்குத் திரும்பினார், அடுத்த வருடம் கல்யாணமும் ஆயிற்று. இப்போது உட்லண்ட்ஸில் இருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து வீடு திரும்பும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார், அப்பா தலையைக் குனிந்துகொண்டே வந்தார். அத்தை பக்கத்தில் இருந்த என் இடத்தை மாப்பிள்ளை பிடுங்கிக்கொண்டதற்காக என் சார்பில் வருத்தப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பரவாயில்லை, அந்தப் பக்கம் விசிறிக் காற்று நன்றாக வந்தது என்று சொல்லி அவர்களைத் தேற்றினேன்.