கதவோரம் நனைந்த பொரி மூட்டைகள்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருந்தபோது, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில், கொட்டுகிற மழையில், எங்கள் குட்டியானை வண்டியின் பின்பக்கக் கூண்டுக்குள் பொரி மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் பிடித்துப் போடவில்லை. வெளியே தாழ் போடச் சொல்லி நானேதான் ஏறினேன். நாற்பது வயதில் இது என்ன வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். என் கணவர் பொய் சொல்கிறார் என்று நிரூபிக்கப் போயிருந்தேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

நாங்கள் இருப்பது திண்டிவனம். என் கணவர் லோடு வண்டி ஓட்டுகிறவர். வெகு காலம் குடித்தார். எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவர்கள் கோயிலில் சாமி முன்னால் நின்று மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டிக்கொள்வார்கள். அவரும் ஒருநாள் யாரும் சொல்லாமல் தானாகப் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து தொடவில்லை. நான்தான் நம்பாமல் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ கேட்பது போல பக்கத்தில் போய் மூச்சை மோந்து பார்ப்பேன். அது அவருக்கும் தெரியும். நான் மோந்து முடிக்கிற வரைக்கும் அசையாமல் நின்று, பிறகுதான் சட்டையைக் கழற்றுவார். ஒன்றே முக்கால் வருடம் இப்படிப் போனது. எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான்.

அந்தத் தைரியத்தில்தான் கடன் போட்டு சொந்த வண்டி வாங்கினோம். எங்கள் ஊர்ப் பொரி மண்டிக்காரர், வண்டிக்கு மேலே கூண்டு போட்டுக்கொண்டால் விழுப்புரம் கடைகளுக்குப் போகிற லோடு முழுவதையும் தருவதாகச் சொன்னார். பொரி கனமில்லாத சரக்கு, ஆனால் இடத்தை அடைக்கும். நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் நமத்துப் போகும், அப்புறம் மாடு கூட யோசித்துத்தான் தின்னும். பட்டறையில் இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, சுற்றிலும் மேலேயும் தகரம் அடித்து, பின்னால் இரட்டைக் கதவு வைத்துக் கொடுத்தார்கள். என் கணவர் அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, மாதக்கணக்கில் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசி பிறந்ததும் சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. முதல் மழையன்றே விழுப்புரம் கடைக்காரர் மூன்று மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றும் கடைசி வரிசை, கதவோரம் இருந்தவை. என் கணவர் கூரை மேல் ஏறி, ஒவ்வொரு ஆணித் தலைக்கும் எம்சீல் பிசைந்து வைத்தார். தகரம் சேருகிற இடமெல்லாம் சிலிகான் பசையை இழுத்தார். கதவுக்கு ரப்பர் ஒட்டினார். அடுத்த மழையில் மறுபடியும் கதவோரம் இரண்டு மூட்டை நனைந்தது.

நான் சும்மா இருப்பேனா. வண்டியை வாட்டர் சர்வீஸ் பண்ணுகிற இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நான் செல்போன் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்துகொண்டேன். கதவைச் சாத்திவிட்டு மேலேயும் பக்கவாட்டிலும் கதவு மேலும் குழாயால் அரைமணி நேரம் அடித்தார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வேர்வையில் நான்தான் நனைந்தேன்.

அன்றைக்கு என் புத்தி ஒரு கணக்குப் போட்டது. கூரை ஒழுகவில்லை. முன்வரிசை மூட்டையெல்லாம் காய்ந்து கிடக்கிறது. கதவோரம் மட்டும் நனைகிறது என்றால், வழியில் யாரோ கதவைத் திறக்கிறார்கள். மழையில் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்து ஒரு ஆம்பளை என்ன செய்வார்? முன்பு வாடகை வண்டி ஓட்டிய காலத்தில், மழை வந்தால் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் குடிப்பார். நானே ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். வாசனை வரவில்லையே என்று மனசு கேட்டது. பாக்கு போடுகிறாரே என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். அவர் சின்ன வயசிலிருந்தே பாக்கு போடுகிறவர். அது அப்போது எனக்கு வசதியாக மறந்துபோனது.

மூன்றாம் முறை நனைந்தபோது மண்டிக்காரர் கூப்பிட்டுவிட்டார். நானும் கூடப் போனேன். லோடு ஏற்றுகிற ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எப்படி நனைகிறது என்று மண்டிக்காரர் கேட்க, இவர், "தெரியலைங்க மொதலாளி, நானும் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்" என்றார். நான் நடுவில் புகுந்தேன்.

"கூண்டு ஒழுகலைங்க. நானே உள்ள உக்காந்து பாத்தேன். மழைல கதவத் தொறந்து வெச்சிக்கினு இன்னா பண்றாருன்னு இவரையே கேளுங்க."

யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார். இவர் என்னை ஒருமுறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் கூட எனக்கு இவ்வளவு காலம் ஞாபகம் இருந்திருக்காது. பிறகு மூட்டையைத் தூக்கப் போய்விட்டார்.

வீட்டில் அவர் குடிக்கவே இல்லை என்று சாதித்தார். அப்படியென்றால் திருவாமாத்தூர் வந்து சத்தியம் பண்ணு என்றேன். விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கோயிலில் ஒரு வட்டப்பாறை இருக்கிறது. அதில் கை வைத்துப் பொய் சொன்னவர்களைச் சும்மா விடாது என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. பங்காளிச் சண்டை, நகை காணாமல் போனது, எல்லாவற்றுக்கும் அங்கே போய் நிற்பார்கள். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றார்.

பாறையில் முதலில் நான்தான் கை வைத்தேன். எதிலும் முந்திக்கொள்கிற ஆளாயிற்றே. "இந்தக் கூண்டு ஒழுகல. இது சத்தியம். இப்போ நீ சொல்லு" என்றேன். அவர் கயிறு கட்டிய கையை வைத்து, "நான் குடிக்கல. கதவத் தொறக்கல" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது வழியில் நிறுத்தி எனக்குப் பூ வாங்கிக் கொடுத்தார். "இப்போ நம்புறியா" என்று கேட்டார். நம்புகிறேன் என்றேன். அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன்.

ஆறு நாள் மழை இல்லை. ஏழாம் நாள் பெய்தது. ஐந்து மூட்டை. மண்டிக்காரர் இனி வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கல்லு மேலயே கைய வெச்சிப் பொய் சொன்ன ஆளு நீ. உன்ன இன்னான்னு நான் நம்பறது?"

அவர் அதற்கும் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அதற்குப் பதில், "ஒருவேள தாழு சரியா வுழலையோ இன்னாவோ" என்று முனகினார். அடுத்த இரண்டு நாளும் சும்மா நிற்கிற வண்டியின் கதவைத் திறப்பதும் சாத்துவதும் தாழை இழுத்துப் பார்ப்பதுமாக இருந்தார். அவருக்கே அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, நல்லா நடிக்கிறார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குடித்துவிட்டு வந்தார். பக்கத்தில் போய் மோந்து பார்க்கிற வேலையே இல்லை. மணிக்கட்டில் கயிறு இல்லை. அந்த வாசனை அடித்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நான் சொன்னது சரியாகப் போயிற்று என்கிற நிம்மதிதான் வந்தது. இதை எழுதவே கை கூசுகிறது.

ஆயுத பூஜை நெருங்கியதும் பொரிக்கு வண்டி கிடைக்காமல் மண்டிக்காரர் ஆள் அனுப்பினார். வண்டி வரட்டும், ஆனால் அவர் ஓட்டக் கூடாது என்றார். என் தம்பி ஓட்டினான். நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும், அன்றைக்கு மத்தியானமே மழை பிடித்தது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன், நீ வெளியே பூட்டிக்கொண்டு விழுப்புரம் வரைக்கும் திறக்காமல் போ என்றேன். திறக்காத கதவோடு மூட்டை காய்ந்தபடி போய்ச் சேர்ந்தால் வேறு சாட்சி தேவையில்லை அல்லவா.

"இன்னாக்கா இது பேஜாரு புடிச்ச வேல. மாமாதான் குடிக்கறாருன்னு ஆயிப்போச்சே, இன்னும் இன்னா?" என்றான் தம்பி.

"ஜல்தியா சாத்துடா" என்றேன்.

உள்ளே கும்மிருட்டு. டார்ச்சைக் கூரையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி வேகம் எடுத்தது. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் காது அடைத்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முன்பக்கம், டிரைவர் தலைக்கு மேலே கூண்டின் நெற்றித் தகரமும் கூரைத் தகரமும் சேருகிற இடத்தில், தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. மேலேயிருந்து சொட்டவில்லை. கீழேயிருந்து மேலே ஏறி வந்தது. கூரை மேலிருந்து இழுத்த பசை எட்டாத அந்த அடி இடுக்கில் எதிர்க்காற்று மழையைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஏறிய தண்ணீர் கூரைக்கு அடியில் இருந்த சட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் நடுவில் விழாமல் பின்பக்கம் ஓடி, கதவு மூலையில் வந்து கடைசி மூட்டை மேல் விழுந்தது. கையை நீட்டினேன். உள்ளங்கையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் வண்டி நின்றது. மழை குறையவில்லை, ஆனால் சொட்டுவது நின்றது. வண்டி கிளம்பி வேகம் எடுத்ததும் மறுபடி ஆரம்பித்தது. நிறுத்தி வைத்து எத்தனை குழாயால் அடித்தாலும் தெரியாது. ஓடும்போது மட்டும்தான் ஒழுகும்.

புடவைத் தலைப்பை மூட்டைகள் மேல் விரித்து, நனைய நனையப் பிழிந்துகொண்டு விழுப்புரம் வரைக்கும் அழுதேன். அந்த லோடு ஒரு மூட்டை கூட நமத்துப் போகாமல் போய்ச் சேர்ந்தது.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்தோம். அவர் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காலைத் தொட்டேன். இழுத்துக்கொண்டார். திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று இருந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து யோசித்துவிட்டு, "வண்டிய நிறுத்தி வெச்சிப் பாத்தோம் இல்ல, அதான் தெரியல. நீ இன்னா பண்ணுவ" என்றார். எனக்குச் சமாதானம் சொன்னார்.

மறுநாள் அவரே சரி பண்ணினார். கூரைத் தகரத்தின் முன்விளிம்பை நெற்றிக்கு மேல் இறங்குகிற மாதிரி மடக்கி, இடுக்கில் ரப்பர் பட்டை திணித்து, பசை போட்டு மூடினார். அரைநாள் வேலை. மத்தியானம் மழை வந்ததும் என்னை உள்ளே உட்காரவைத்து மயிலம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். ஒரு சொட்டு இல்லை. கதவைத் திறந்து, "காய்ஞ்சி இருக்குதா?" என்றார். காய்ந்திருக்கிறது என்றேன். அவர் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அன்று சாயங்காலமும் குடித்துவிட்டுத்தான் வந்தார்.

மண்டிக்குப் போய், எந்த ஆட்களுக்கு முன்னால் பேசினேனோ அதே ஆட்களுக்கு முன்னால், அவர் மேல் தப்பில்லை, கூண்டுதான் ஒழுகியது என்று சொன்னேன். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார். "இப்போ குடிச்சிக்கினுதானே இருக்காரு, வுடுங்கம்மா." நான் சொன்ன பொய்யை நானே உண்மையாக்கி வைத்திருந்தேன்.

வண்டியைத் தம்பிதான் ஓட்டுகிறான். இந்த மூன்று வருடத்தில் இரண்டு முறை கயிறு கட்டவைத்தேன், ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எதுவும் ஒரு மாதம் தாண்டவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் வந்ததும் பழக்க தோஷத்தில் இன்னும் என் முன்னால் ஒரு நிமிஷம் நிற்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

அந்த ஐந்து மூட்டை நனைந்தபோது, பாறை பொய்யர்களைச் சும்மா விடாது என்று அவரை நினைத்துத்தான் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அங்கே கை வைத்த இரண்டு பேரில், கூண்டு ஒழுகவில்லை என்று சத்தியம் செய்தது நான்தான் என்பது இப்போது ஒவ்வொரு மழைக்கும் நினைவுக்கு வருகிறது.