முன்காலில் இரண்டு சக்கரம்

எங்கள் நூலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. வாசகர்களுக்கும் எங்களுக்கும் அவர் உஷ் அக்கா. வாசிப்புக் கூடத்தில் யாராவது வாயைத் திறந்தால் போதும், புத்தகம் கொடுக்கும் மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு ‘உஷ்’ கிளம்பும். இருபத்தாறு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். பக்கத்து நாற்காலி என்னுடையது. திரும்பி வரும் புத்தகங்களை வாங்கி வைப்பது என் வேலை. அதனால் அவருக்கு நடந்ததில் பாதி எனக்கு நேரடியாகத் தெரியும். மீதியை உணவு இடைவேளைகளில் அவரே சொன்னார்.

போன வருடம் ஒரு நாள், மேல் தட்டிலிருந்த தடித்த அகராதி ஒன்றை எடுக்கப் படி ஸ்டூலில் ஏறினார். ஏறியது ஞாபகம் இருக்கிறது, இறங்கியது ஞாபகம் இல்லை என்பார். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது அகராதியை மார்போடு அணைத்தபடி தரையில் கிடந்தார். தொடை எலும்பு இடுப்பை ஒட்டி முறிந்துவிட்டது.

அறுவை சிகிச்சை செய்து, தகடும் திருகும் வைத்து, ஒரு வாக்கரைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அலுமினியக் குழாயில் செய்து, நான்கு கால்களுக்கும் ரப்பர் புஷ் மாட்டிய சாதாரண வாக்கர். அதைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும், அடிபட்ட காலை எடுத்து வைக்க வேண்டும், பிறகு நல்ல காலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கால் அவ்வளவாகத் தொந்தரவு கொடுக்கவில்லை. கொடுத்தது வலது மணிக்கட்டு. இருபத்தாறு வருடம் தேதி முத்திரை குத்திக் குத்தித் தேய்ந்துபோன மணிக்கட்டு அது. வாக்கரைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சுளீர் என்று இழுக்கும்.

“கட்டில்லேருந்து பாத்ரூம் வரைக்கும் பதினெட்டு தடவை தூக்கணும். எண்ணிப் பாத்துட்டேன்” என்று போனில் சொன்னார். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பாத்ரூம் போவதைக் குறைக்க வேண்டுமென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்.

அதைக் கண்டுபிடித்தவர் அவருடைய கணவர். சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். காலையில் தலைமாட்டில் வைத்த தண்ணீர் மதியம் சாப்பிட வரும்போதும் அப்படியே இருந்தது. இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மனைவியின் மணிக்கட்டு வீங்கியிருந்ததையும் பார்த்தார். கடைக்குப் போய், உடைந்த ஆபீஸ் நாற்காலி ஒன்றிலிருந்து நான்கு உருளைச் சக்கரங்களைக் கழற்றினார். வாக்கரின் ரப்பர் புஷ்களைப் பிடுங்கிவிட்டு, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, நான்கு காலிலும் நான்கு சக்கரத்தை அடித்து இறக்கினார்.

“இனிமே தூக்கவே வேணாம். தள்ளினாப் போதும்” என்று பெருமையாகக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்.

அக்காவுக்கும் சந்தோஷம்தான். எழுந்து, இரண்டு கையையும் ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கொடுத்தார். அவ்வளவுதான். எல்லாப் பக்கமும் திரும்பும் சக்கரங்கள், நிறுத்த ஒரு பிடிப்பும் இல்லை, கீழே வழவழப்பான தரை. வாக்கர் அவரை விட்டுவிட்டு ஓடியது. கைகள் முன்னால் போக, கால்கள் பின்னால் நிற்க, உடம்பு நடுவில் தொங்கியது. கணவர் பாய்ந்து இடுப்பைப் பிடித்து, தானும் விழுந்து, மனைவியைத் தன் மேல் தாங்கிக்கொண்டார். வாக்கர் நேரே போய் அலமாரியில் முட்டி நின்றது.

அக்காதான் முதலில் கேட்டார்: “என்னங்க, உங்களுக்கு அடி பட்டுச்சா?”

கணவர் அழுதுவிட்டார். முப்பத்தோரு வருட வாழ்க்கையில் அவர் அழுது பார்த்தது அதுதான் முதல் முறை என்று அக்கா சொன்னார்.

மறுநாளே மருத்துவமனைக்குப் போனார்கள். எக்ஸ்ரேயில் தகடு அசையவில்லை என்று தெரிந்தது. அங்கிருந்து பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். முதலில் வாக்கர் பிடிக்கப் பழக்கிய அதே பிசியோதான் இருந்தார்; நாற்பது வயதுக்காரர், ஒல்லி, அதிகம் பேசாதவர். வாக்கரைக் கவிழ்த்துச் சக்கரங்களைப் பார்த்தார். ஒன்றை விரலால் சுழற்றினார்.

“இதை யாரு மாட்டினது?”

“நான்தான் சார் கேட்டேன். கை வலி தாங்கல” என்று அக்கா முந்திக்கொண்டார்.

கணவர் ஒரு அடி முன்னால் வந்தார். “அவ கேக்கல சார். நான்தான் மாட்டினேன். சைக்கிள்காரன். சக்கரம்னா எனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

திட்டு விழும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். பிசியோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சக்கரம் வேணும்னு நீங்க நெனச்சது சரிதான் அண்ணே. அக்காவோட கைக்கு அதுதான் நல்லது. நான் மொதல்லேயே மணிக்கட்டைப் பாத்திருக்கணும், அது என் தப்பு. ஆனா எந்தச் சக்கரம், எந்தக் காலுக்குங்கறதுதான் விஷயம்.”

அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன் என்று அக்கா இன்றும் சொல்வார். “என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி அவரைப் பாத்தது அப்பத்தான்.”

பிசியோ விளக்கினார். முன்கால் இரண்டுக்கு மட்டும் சக்கரம். அதுவும் நேராக மட்டுமே ஓடும் சக்கரம். கண்டபடி திரும்புவது இப்போதைக்குக் கூடாது. சின்ன உருளை வாசல் மேட்டிலும் தரை விரிசலிலும் மாட்டிக்கொள்ளும் என்பதால் உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத சக்கரமாக வேண்டும். பின்கால்களில் பழைய ரப்பர் புஷ்ஷையே திரும்ப மாட்ட வேண்டும். பாரம் கொடுத்தால் அதுதான் தரையைப் பிடித்து நிறுத்தும். அந்த வாக்கருக்கென்றே வரும் சக்கரக் காலாகப் பார்த்து வாங்க வேண்டும். குழாய்க்குள் போய், அதிலுள்ள ஸ்பிரிங் பட்டன் குழாயின் துளையில் ‘டக்’கென்று வெளியே வந்து உட்கார வேண்டும்.

“எத்தனை கிலோ தாங்கும்னு கேட்டு வாங்குங்க. கடைக்கு வாக்கரையும் தூக்கிட்டுப் போங்க. மாட்டினதும் இங்க கொண்டு வாங்க, நான் பாக்காம அக்கா அதைத் தொடக் கூடாது.”

கணவர் போனார், வாக்கரையும் குழாய் அளக்கும் வெர்னியர் அளவியையும் எடுத்துக்கொண்டு. மருத்துவச் சாமான் கடைக்காரர் ஒரு ஜோடி சக்கரக் காலை நீட்டினார். கணவர் அளந்தார்.

“இது ஏழு நூல். எங்க குழாய்க்கு எட்டு நூல், முழுசா ஒரு இன்ச் வேணும்.”

“ஒரு நூல்தானே? டேப் சுத்தி அடிச்சா நின்னுடும்.”

“அந்த வேலையை நான் ஏற்கெனவே பண்ணிட்டேன்பா. பொண்டாட்டி என் மேலதான் விழுந்தா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். மூன்றாவது கடையில்தான் பொருந்துவது கிடைத்தது. பட்டன் உட்கார்ந்த சத்தத்தைக் கேட்பதற்காகவே நாலைந்து தடவை கழற்றி மாட்டினாராம்.

பிசியோ அறையில் மறுபடியும் அளவு பார்த்தார்கள். சக்கரம் மாட்டியதும் முன்பக்கம் சற்று உயர்ந்திருந்தது. நான்கு கால்களிலும் உயரத்துக்கான துளையை மாற்றிச் சமப்படுத்தினார்கள். அக்காவை நிமிர்ந்து நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வருகிறதா என்று பிசியோ குனிந்து பார்த்தார்.

“இப்போ நடங்க அக்கா. ரொம்ப முன்னால தள்ளாதீங்க. அது உங்களைக் கூட்டிட்டுப் போகக் கூடாது, நீங்கதான் அதைக் கூட்டிட்டுப் போகணும். எப்பவும் நாலு காலுக்கு உள்ளேயே இருங்க.”

முதல் பத்தடி பயந்து நடந்தார். அடுத்த பத்தடியில் முகம் மாறியது. மணிக்கட்டு இழுக்கவில்லை. திரும்பும்போது சட்டென்று சுழலாமல் சின்னச் சின்ன அடியாக வைக்கப் பழக்கினார்கள். உட்காரும்போது நாற்காலி கெண்டைக்காலில் படும் வரை பின்னால் போய், வாக்கரை விட்டு நாற்காலியின் கையைப் பிடித்து இறங்கச் சொன்னார்கள். மாடிப்படியில் இதோடு ஏறவே கூடாது; முன்பக்கம் பை எதையும் தொங்கவிடக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிக்கல். சக்கரங்கள் இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு நின்றதால் பாத்ரூம் கதவுக்குள் வாக்கர் நுழையவில்லை. எந்த வாசலுக்காக இந்தப் பாடு பட்டாரோ, அந்த வாசலிலேயே முட்டி நின்றது. வலது சக்கரக் காலை இடதிலும், இடதை வலதிலும் மாட்டினால் சக்கரம் உள்பக்கம் போய்விடும் என்பது கணவருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கை துறுதுறுத்தது. ஆனால் ஸ்பேனரை எடுக்கவில்லை, போனை எடுத்தார்.

“சார், சக்கரத்தை உள்பக்கமா மாத்தி மாட்டலாமா? கேட்டுட்டுப் பண்றேன்.”

மறுமுனையில் பிசியோ சிரித்தது அக்காவுக்கே கேட்டதாம். “தாராளமா மாட்டலாம் அண்ணே. இந்த மாடலுக்கு அது சரிதான். நடக்கும்போது கால் சக்கரத்துல இடிக்காம பாத்துக்கச் சொல்லுங்க. பட்டன் ரெண்டும் வெளியே வந்திருக்கான்னு மட்டும் தடவிப் பாருங்க.”

அன்று மாலை அக்கா தானாகப் பாத்ரூம் போய்விட்டு வந்து, ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தார். கணவர் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாதம் வேலைக்குத் திரும்பினார். வருகிறார் என்று தெரிந்ததும் நாங்கள் வாசல் மிதியடியைச் சுருட்டி ஓரமாக வைத்தோம். தரையில் ஓடிய மின்விசிறி ஒயரைச் சுவரோடு ஒட்டினோம். மேசைகளுக்கு நடுவே வழியை அகலப்படுத்தினோம். இதில் வேடிக்கை என்னவென்றால், தினமும் வந்து அவரிடம் ‘உஷ்’ வாங்கும் செய்தித்தாள் கோஷ்டிதான் அந்த மேசைகளைத் தூக்கி நகர்த்தியது. ஒரு மேசையைக்கூடத் தரையில் இழுத்துச் சத்தம் எழுப்பவில்லை.

நூலக வாசலின் சாய்தளத்தில் ஏறும்போது நான் பக்கத்தில் நடந்தேன். இறங்குவதுதான் கஷ்டம் என்று பிசியோ எச்சரித்திருந்தார். அதனால் மாலையிலும் கூடவே போனேன். பார்த்துப் பார்த்துக் குட்டி அடியாக வைத்தார். என் கையைப் பிடிக்கவில்லை, நான் இருந்தது போதும் என்றார். ஆர்வக் கோளாறில் நானும் ஒரு தப்பு செய்தேன். அவருடைய சாப்பாட்டுப் பையை வாக்கரின் முன்கம்பியில் மாட்டப் போனேன். “உஷ்!” என்றார். பேசாமல் தோளில் போட்டுக்கொண்டேன்.

நேற்று உணவு இடைவேளையில் இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, “என்னத்தை எழுதப் போற? விழுந்தேன், எந்திரிச்சேன்” என்று சிரித்தார். பிறகு சாப்பிட்ட டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்: “எனக்கு அடிபட்டதுல வருத்தம் இல்லைன்னு சொன்னா பொய். ஆனா எத்தனை பேரு தாங்கியிருக்காங்கன்னு தெரிஞ்சுதே. அந்த சார், நீ, பேப்பர் படிக்கிற கும்பல்... வீட்டுல அந்த மனுஷன்.”

எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் மணிக்கட்டு கைத்தடியைத் தாங்காது, வாக்கரோடே இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அதற்கு முகம் சுளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் வாக்கரைக் கவிழ்த்துப்போட்டு, அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் இடுக்கியால் எடுப்பார். தேய்ந்த ரப்பர் புஷ்ஷை மாற்றுவார், பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். அதுவரை அக்கா கட்டிலில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே பத்திரிகை படிப்பார். வேலை முடிந்ததும் அவர் வாக்கரை நிமிர்த்தி, தானே இரண்டடி நடந்து பார்த்துவிட்டுத்தான் கட்டில் பக்கம் கொண்டுவந்து வைப்பார்.